முள் ஆடாமல்

ஆவாரம்பாளையத்தில்
இருபத்தாறு வருஷமாக என் வேலை
ஒரு முள்ளைப் பார்ப்பது.
தொட்டிக்குள் இறக்கிய மோட்டார் ஓடும்.
தண்ணீர் குழாயேறி, திரும்பத் தொட்டியிலேயே விழும்.
கேஜில் முள் நடுங்கினால்
காத்து இழுக்குது, இல்லையென்றால் பேரிங்,
இல்லையென்றால் இம்பெல்லர் ஒரு பக்கம் உரசுது.
ஆடாமல் நின்றால்
சாக்பீஸில் ஒரு டிக்.
சுல்தான்பேட்டையிலோ மூலனூரிலோ
எண்ணூறு அடிக்குக் கீழே இருட்டில் போய் உட்காரும் அது.

சர்க்கரை வந்து பதினாலு வருஷம்.
எழுந்து நின்றால் கண் இருட்டுது என்று போனதற்கு
மூன்றாம் மாடிக்கு அனுப்பினார்கள்.
நஸ்ரின் என்று பேட்ஜ் குத்தியிருந்த பெண்
கைக்கும் காலுக்கும் கிளிப் மாட்டினாள்.
"அஞ்சு எண்ணுற வரைக்கும் இழுங்க,
அஞ்சு எண்ணுற வரைக்கும் விடுங்க.
நிமிஷத்துக்கு ஆறே மூச்சு. அவசரமில்லைங்க."

இழுத்தேன்.
கீழே கேன்டீனில் தாளிக்கிற வாசமும் சேர்ந்து வந்தது.
விட்டேன்.
ஒரு நிமிஷம் இவ்வளவு அகலம் என்று
எனக்கு யாரும் சொன்னதில்லை.

திரையில் என் கோடு
ரசமட்டம் பிடித்த மாதிரி.
தொண்ணூற்றிரண்டு. தொண்ணூற்று மூன்று. தொண்ணூற்றிரண்டு.
பெருமையாக இருந்தது, மறைப்பானேன்.
"முள் ஆடவே இல்லீங்களே அம்மிணி."
"அதாங்கய்யா" என்றாள்.
பேரிங் போவதற்கு முந்தின நாள்
ஒரு சத்தம் வரும், பழகின காதுக்கு மட்டும்.
அது இருந்தது அந்த "அதாங்கய்யா"வில்.

மூச்சு உள்ளே போனால் இருதயம் கொஞ்சம் ஓட வேண்டுமாம்.
வெளியே வந்தால் நிதானிக்க வேண்டுமாம்.
கழுத்து வழியாக இறங்கும் ஒரு நரம்பு
பிடிகயிறு போல இழுத்து விட்டு
இழுத்து விட்டு இருக்குமாம்.
அதைச் சர்க்கரை அரித்துவிட்டால்
மாட்டுக்கும் ஆளுக்கும் பேச்சு வார்த்தை கிடையாது.
வண்டி ஒரே வேகத்தில் போகும்.
நன்றாகப் போவது மாதிரியே போகும்.

நம்பவில்லை.
பம்ப் ஃபெயிலானால் முதலில் கேஜைச் சந்தேகி
என்பது எங்கள் கம்பெனி வழக்கம்.
நல்லது என்று தெரிந்த பம்ப் ஒன்று
மூலையில் எப்போதும் கிடக்கும்.
அதை ஓட்டிப் பார்த்த பிறகுதான் தீர்ப்பு.
"மெசினை வேற யாருக்காச்சும் மாட்டிக் காட்டுங்க."
சாப்பாட்டு நேரம். வெளியே ஆள் இல்லை.
சிரித்துவிட்டு வாட்சைக் கழற்றினாள்,
கிளிப்பைத் தானே மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.
"நீங்க எண்ணுங்க."

ஒண்ணு, ரெண்டு என்றேன்.
எழுபது. எழுபத்தாறு. எண்பத்து மூன்று.
எண்பத்தெட்டு.
விடுங்க என்றேன்.
சரிந்தது. அறுபத்தெட்டுக்குப் போய்
அடுத்த துடிப்பு
வருவதா வேண்டாமா என்று நின்று
வந்தது.
பாலக்காட்டுக் கணவாய் திறந்துகொண்ட ஆனி மாசம்
காங்கயத்துக் கொரங்காட்டில்
கொழுக்கட்டைப் புல்லைக் காற்று படுக்க வைக்கும்,
எழுப்பும், மறுபடி படுக்க வைக்கும்.
பேர் மட்டும் தெரிந்த ஒருத்தியின் இருதயம்
நான் எண்ண எண்ண ஏறி இறங்கிற்று.
பார்க்கக் கூடாததைப் பார்த்தவன் போலக் குனிந்துகொண்டேன்.
எங்கள் டேபிளில் இந்தக் கோடு வந்திருந்தால்
யோசிக்காமல் பெருக்கல் குறி போட்டு
ஓரமாகத் தள்ளியிருப்பேன்.

"சரி பண்ணலாமுங்களா?"
"இருக்கிறதைக் காப்பாத்தலாங்கய்யா.
சர்க்கரையைப் பிடிங்க. பொறுமையா எந்திரிங்க."
மூன்று மாடியையும் படியிலேயே இறங்கினேன்.
ஒவ்வொரு திருப்பத்திலும் நின்றேன்.
கேட்பதற்கு ஒன்றுமில்லை, இருந்தும் நின்றேன்.

ராத்திரி துளசிமணி தூங்கின பிறகு
அவள் மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்தேன்.
மூச்சு ஏறும்போது துடிப்புகள் நெருக்கிக்கொண்டு வந்தன.
இறங்கும்போது
தள்ளித் தள்ளி விழுந்தன,
குழாய் மூடின பிறகு சொட்டுகிற மாதிரி.
இருபத்தொன்பது வருஷம் பக்கத்திலேயே நடந்திருக்கிறது.

"என்னாச்சுங்க?" கண் திறக்கவில்லை.
"ஒண்ணுமில்ல. ஆடுது. பாத்துட்டு இருக்கேன்."
"வோல்டேஜா?" என்றவள்
பதிலுக்குக் காத்திருக்கவில்லை.